மலையகத்தில் சோடனை: முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில் திருமணமோ மஞ்சள் நீராட்டோ பாடசாலை விழாவோ எதுவானாலும், சோடனையைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் பெரும்பாலான வீட்டார் கைத்தொலைபேசியில் வைத்திருக்கும் ஒரு படத்தைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். அது கொழும்பு விடுதியொன்றின் குளிரூட்டிய மண்டபமாக இருக்கும். அல்லது எந்த நாடென்றே தெரியாத ஒரு வெள்ளைத் திரையும் பிளாஸ்டிக் ரோசாவுமாக இருக்கும். அதை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து பொகவந்தலாவையிலோ இராகலையிலோ தகரக் கூரை மண்டபமொன்றில் நிறுத்தினால், மாலை நான்கு மணிக்குப் பனிமூட்டம் உள்ளே வந்ததும் துணி ஈரம் குடித்துத் தொய்ந்துவிடுகிறது. வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சை விரிந்திருக்க, உள்ளே பிளாஸ்டிக் இலை தொங்குகிறது. இந்த ஊரின் மலையையும் செடியையும் தொழிலையும் வழக்கத்தையும் வைத்தே ஒரு விழாவை அழகாகச் சோடிக்க முடியும். அதற்கு எந்த ஒழுங்கில் வேலை செய்ய வேண்டும் என்பதை, இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்களையும் சொந்த வீட்டு விசேடத்துக்குத் தாமே சோடிக்க நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கலாசார மண்டபத்தில், பெப்ரவரி மாதத்தில், இருநூறு பேர் வரும் ஒரு திருமண வரவேற்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

முதலில் உயரத்தையும் மாதத்தையும் எழுதுங்கள்

நிறத்தையும் பூவையும் தீர்மானிப்பதற்கு முன், மண்டபம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, விழா எந்த மாதத்தில் வருகிறது என்ற இரண்டையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். தேயிலை வணிகத்தில் 600 மீற்றருக்குக் கீழே விளைவதைத் தாழ்நிலத் தேயிலை என்றும், 600 முதல் 1,200 மீற்றர் வரை விளைவதை இடைநிலத் தேயிலை என்றும், அதற்கு மேல் விளைவதை உயர்நிலத் தேயிலை என்றும் பிரிக்கிறார்கள். சோடனைக்காரருக்கும் இந்தப் பிரிவு நன்றாகவே உதவுகிறது. கண்டியும் மாத்தளையும் போன்ற இடங்களில் வாழை, கமுகு, தென்னங்குருத்து, மாவிலை, அந்தூரியம் எல்லாம் அக்கம்பக்கத்திலேயே கிடைக்கும். ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலிருக்கும் ஹட்டனுக்கு வந்தால் தென்னை இல்லை; மாமரமும் அரிது. ஏறத்தாழ 1,870 மீற்றரிலுள்ள நுவரெலியாவில் வாழை மரம்கூடக் கீழிருந்துதான் வர வேண்டும். அதற்குப் பதிலாக ஹைட்ரேஞ்சியா, டாலியா, ரோசா, கார்னேசன் ஆகியவை கொட்டிக் கிடக்கும். மல்லிகையை இந்தக் குளிரில் எதிர்பார்க்கக் கூடாது. மாலைக்கும் கொண்டைக்கும் தேவையான அளவை மட்டும் சமவெளியிலிருந்து வரவழைத்து, மண்டபத்தை மலைப் பூவால் நிறைப்பதே செலவுக்கும் பூவுக்கும் நல்லது.

மாதம் என்பது மழையைப் பற்றிய கேள்வி. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை ஆகிய மேற்குச் சரிவுகளை நனைத்துவிடுகிறது. அதே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பக்கம் வறண்டு கிடக்கும். பெருங்காற்று மட்டும் பந்தலைப் பெயர்க்கப் பார்க்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை மாறி, வடகீழ்ப் பருவக்காற்று பண்டாரவளை, பதுளை அடங்கிய ஊவாப் பக்கத்துக்கு மழையைக் கொண்டுவருகிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரு பக்கத்திலும் பிற்பகல் இடிமழையை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். நமது எடுத்துக்காட்டான பெப்ரவரி தலவாக்கலைக்கு நல்ல மாதம்: பகலில் வெயில், இரவில் கடுங்குளிர். நுவரெலியாவிலும் அதைச் சூழ்ந்த பள்ளங்களிலும் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் உறைபனி விழுவதுண்டு. ஆகவே முதல் நாள் இரவே வெளியில் கட்டிய பூ மறுநாள் காலையில் கருகி நிற்கலாம். வெளி அலங்காரத்தில் இரவே செய்யக்கூடியது சட்டகத்தை நிறுத்துவது மட்டும். பூவேலையை விடிந்து பனி விலகிய பிறகே தொடங்க வேண்டும்.

நாட்காட்டியில் இன்னும் இரண்டைப் பாருங்கள். டிசெம்பர் போயா முதல் வெசாக் போயா வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதால், வார இறுதிகளில் ஹட்டன், மஸ்கெலியா வீதிகளில் வாகனம் நகராது. ஏப்ரலில் நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டம் வருவதால் லொறியும் அறையும் கிடைப்பது கடினம்.

மண்டபத்தை நேரில் பாருங்கள்

விழா நடக்கும் அதே நேரத்தில் ஒருமுறை போய் நில்லுங்கள். காலையில் பார்த்த மண்டபமும் மாலை ஐந்து மணி மண்டபமும் மலையில் ஒன்றாக இருப்பதில்லை. அளவு நாடாவும் குறிப்பேடும் எடுத்துச் சென்று வாசலின் அகலம், கூரை வளை எந்த உயரத்தில் ஓடுகிறது, ஆணி அடிக்கலாமா, மின் செருகிகள் எங்கே, லொறி வாசல் வரை வருமா அல்லது கீழ் வீதியில் நிறுத்திப் படிக்கட்டில் தூக்க வேண்டுமா என்பவற்றையெல்லாம் எழுதுங்கள். தோட்ட மண்டபங்கள் பலவற்றுக்குக் கடைசி முந்நூறு அடி நடைபாதைதான். அந்தத் தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் விலை பேசுபவர் கூலியில் நட்டப்படுவார்.

சரிவை ஒட்டிய மண்டபமாக இருந்தால், மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் அது வரும். சிவப்பு என்பது அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டிய நிலை. பந்தல் போடும் மைதானத்தைச் சுற்றியுள்ள மரங்களில் குளவிக் கூடு இருக்கிறதா என்பதைத் தோட்டத்து ஆட்களிடம் கேட்டறிவதும் அவசியம். கொழுந்து பறிப்பவர்களைக் குளவி கொட்டிய செய்தியை மலையகத்தில் கேட்காத மாதம் இல்லை. விளக்கு கட்ட மரமேறுபவருக்கும் அதே ஆபத்து உண்டு. மின்பிறப்பாக்கியின் சத்தமும் புகையும் கூட்டைக் கலைத்துவிடும்.

வீட்டாருடன் பேசிக் கருப்பொருளை முடிவு செய்யுங்கள்

"மலையகம்" என்பதை ஒரே படமாக நினைத்துவிடக் கூடாது. எல்லா விழாவிலும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பின்திரையில் அச்சிட்டு மாட்டுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. 1921 இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் அழகானதுதான். ஆனால் எல்லப் பக்கத்துக் குடும்பத்துக்கு அது சொந்த ஊரின் அடையாளம், மஸ்கெலியாக்காரருக்கோ சுற்றுலாப் படம். மஸ்கெலியாவில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கமும் அதன் மேலே தெரியும் சிவனொளிபாதமலையும் இருக்கின்றன. தலவாக்கலைப் பக்கத்தில் டெவோன், சென் கிளயர் ஆகிய நீர்வீழ்ச்சிகள் இருக்கின்றன. அப்புத்தளைக்கு மலைவிளிம்பும் அதற்குக் கீழே விரியும் தென்சமவெளியும் இருக்கின்றன. வீட்டாரிடம் "உங்கள் வாசலில் நின்றால் எந்த மலை தெரியும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பெயரோடு பதில் வரும். அந்த மலையின் விளிம்புக்கோட்டைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, பின்திரைக்கு அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேச்சிலேயே பெரியவர்களின் கருத்தையும் கேட்டுவிடுவது நல்லது. நம் நாட்டில் மரண வீட்டுக்கு வெள்ளைக் கொடி கட்டும் வழக்கம் இருப்பதால், வாசல் முழுவதும் வெள்ளையாக இருந்தால் தாத்தாவும் அம்மாயியும் முகம் சுளிப்பார்கள். மணமக்கள் வெள்ளைதான் வேண்டுமென்றால், வாசலில் மஞ்சளும் பச்சையும் வைத்து உள்ளே வெள்ளையைக் கொண்டுபோகலாம். குருத்தோலைத் தோரணமும் அப்படித்தான். நல்ல காரியத்துக்கு மடிக்கும் விதம் ஒன்று, துக்க வீட்டுக்கு மடிக்கும் விதம் வேறொன்று. வித்தியாசம் தெரியாத உதவியாளரிடம் ஓலையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், கோயில் வேலை தெரிந்த ஒரு பெரியவரை அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பொருளைத் தேடும் முன் அனுமதியைத் தேடுங்கள்

மலையில் பச்சையாக இருப்பதெல்லாம் யாரோ ஒருவருக்குச் சொந்தமானது. தேயிலைக் கிளை வேண்டுமென்றால் தோட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டும். சிறு தோட்டக்காரரின் நிலமானால் அவரிடம் கேட்க வேண்டும். காட்டுக்குள் போய்ப் பன்னம் என்ற பெரணிச்செடியும் பாசியும் ஓர்க்கிட்டும் பிடுங்கிவருவதை முற்றாகத் தவிர்த்துவிடுங்கள். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. சிவனொளிபாத மலைக்காடும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் அதனுடன் சேர்ந்து 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கிருந்து ஒரு செடியை எடுப்பதும் குற்றம். மகா ரத்மல் என்ற சிவந்த மலைப்பூவும், நீண்ட ஆண்டு இடைவெளியில் கூட்டமாகப் பூக்கும் நெலுவும் அங்கே நின்று பார்ப்பதற்குரியவை. மரப்பன்னத்தின் விரிந்த ஓலை ஆசையைத் தூண்டத்தான் செய்யும். அது வளர மிக நீண்ட காலம் எடுக்கும் என்பதால் அந்த ஆசையை அடக்கிக்கொண்டு, வீட்டுத் தோட்டத்திலும் வீதியோரத்து வேலியிலும் வளரும் சாதாரணப் பன்னத்தை எடுத்தால் போதும்.

சட்டம் ஒன்றையும் தெரிந்திருக்க வேண்டும். 2017 செப்டெம்பர் 1 முதல், சமய, சமூக, கலாசார, அரசியல் நிகழ்வு எதிலும் பொலித்தீனைச் சோடனைக்குப் பயன்படுத்துவது இலங்கையில் தடை செய்யப்பட்டிருக்கிறது. கோயில் திருவிழாவில் இன்றும் பொலித்தீன் கொடி பறப்பதைப் பார்க்கிறோம் என்பது உண்மை. அதனால் அது சட்டப்படி சரியாகிவிடாது. துணிக்கொடி, கடதாசிக்கொடி, குருத்தோலை ஆகிய மூன்றையும் வாடிக்கையாளருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பொருட்களுள் முதலிடம் மிலாறுக்கு

மலையகச் சோடனைக்கு மிகச் சிறந்த பொருள் எது என்று கேட்டால், நான் தயங்காமல் மிலாறு என்பேன். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளைகளைத்தான் மிலாறு என்கிறோம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் அது அடுப்பு விறகு. பல ஆண்டுகள் கொழுந்து கிள்ளப்பட்டதால் ஒவ்வொரு கிளையும் முழங்கை முழங்கையாகத் திரும்பி, கணுக்கள் புடைத்து, சில இடங்களில் சாம்பல் பச்சை மரப்பாசி படர்ந்து இருக்கும். எந்தக் கடையிலும் இந்த வடிவத்தை வாங்க முடியாது.

விறகுக்காகத் தொழிலாளர் குடும்பங்கள் சேர்த்து வைத்த மிலாறை இலவசமாகக் கேட்காதீர்கள். கட்டுக்கு இவ்வளவு என்று பேசி வாங்குங்கள். விழா முடிந்ததும் அதே வீட்டுக்கே திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னால் விலையும் குறையும், மனமும் நிறையும். வாங்கும்போது கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத, மூன்றடிக்கு மேல் நீளமுள்ள, நன்கு கிளைத்த குச்சிகளைத் தெரிந்தெடுங்கள். பச்சை மிலாறு கனமாக இருக்கும், காயும்போது கட்டுத் தளர்ந்துவிடும். ஆகவே விழாவுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே வாங்கிக் கூரைக்குக் கீழே காற்றுப் படும்படி நிறுத்தி வையுங்கள். பிறகு தென்னந்தும்புத் தூரிகையால் மண்ணைத் தட்டித் துடைக்க வேண்டும். தண்ணீரில் கழுவினால் மரப்பாசி நிறம் மாறும் என்பதோடு திரும்பக் காய்வதற்கும் நாளாகும். எறும்பும் கறையானும் இருக்கிறதா என்று ஒவ்வொரு குச்சியையும் தரையில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள். மணமகளின் சேலையில் எறும்பு ஏறுவது நல்ல வரவேற்பு ஆகாது.

வாசல் வளைவு செய்யும் முறை இது. எட்டடி உயரமும் ஆறடி அகலமும் கொண்ட ஓர் இரும்புக் குழாய்ச் சட்டகத்தையோ, நேரான மூங்கில்களால் கட்டிய சட்டகத்தையோ எடுத்துக்கொண்டு, அதன் இரு கால்களையும் கல்லும் மணலும் நிரப்பிய பழைய பெயின்ட் வாளிகளில் நிறுத்துங்கள். மிலாறின் தடித்த அடிகள் கீழ்நோக்கியும் கிளைநுனிகள் மேல்நோக்கியும் இருக்கும்படி, தரைமட்டத்திலிருந்து தொடங்கி மேலே கட்டிக்கொண்டு போங்கள். முதல் அடுக்கைக் கட்டுக்கம்பியால் இறுக்கிய பின், அடுத்த அடுக்கின் அடியை முதல் அடுக்கின் கவட்டுக்குள் சொருகினால் கம்பி பாதியளவே தேவைப்படும். வளைவின் உச்சியில் இரு பக்கக் கிளைகளும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளட்டும்; அங்கே சமச்சீராக்க முயலாதீர்கள், ஒரு பக்கம் சற்று உயர்ந்திருப்பதே தேயிலைச் செடியின் இயல்பு. கம்பி முனைகளையெல்லாம் உட்புறமாக மடித்து, மேலே கயிறு சுற்றி மறைத்துவிடுங்கள். இறுதியாக இருவர் இரு பக்கமும் நின்று சட்டகத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும். ஊவாப் பக்கத்துக் காற்றில் நிற்கப் போகிறதென்றால் பின்புறத்தில் இரண்டு இழுகயிறும் தேவை.

ஓர் எச்சரிக்கை. காய்ந்த மிலாறு நல்ல விறகு என்பதை மறந்துவிடக் கூடாது. குத்துவிளக்கு, கற்பூரத் தட்டு, மெழுகுவர்த்தி எதுவும் அதிலிருந்து நாலடிக்குள் வரக் கூடாது. வளைவுக்குப் பின்னால் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் இருக்கட்டும்.

பூவும் இலையும்

மிலாறின் வெறுமைக்குள் வைக்க ஹைட்ரேஞ்சியாவைப்போல் பொருந்தும் பூ வேறில்லை. தேயிலை வளரும் மண் அமிலத்தன்மையுள்ளது; அந்த மண்ணில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கும். சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகிவிடும். ஆகவே நீலம் என்பது இந்த மண்ணின் நிறமே என்று வாடிக்கையாளரிடம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அது தண்ணீரில்லாமல் சில மணி நேரம்கூடத் தாங்காத பூ. விடியற்காலையில் வெட்டி, வெட்டிய உடனே வாளித் தண்ணீரில் வைத்து, இலைகளில் பெரும்பகுதியை அகற்றிவிட வேண்டும். தண்டின் அடியைச் சரிவாக மீண்டும் வெட்டிப் படிகாரத் தூளில் தொட்டு வைத்தால் கூடுதல் நேரம் நிற்கும். வாடிவிட்டால் எறிந்துவிடாதீர்கள், பூத்தலை முழுவதையும் அரை மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தினால் பெரும்பாலும் திரும்ப எழும்பும், ஏனெனில் அது இதழ் வழியாகவும் நீரை எடுத்துக்கொள்ளும். வளைவில் செருகுவதற்குச் சிறு கண்ணாடிப் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி, வாழைப்பட்டையால் சுற்றி மிலாறின் கவட்டில் கட்டுங்கள்.

விஷமுள்ளவற்றை அறிந்திருக்க வேண்டும். ஹைட்ரேஞ்சியா இலையும் பூவும் வயிற்றுக்குள் போகக் கூடாதவை. கேக்கின் மேலோ உணவுத் தட்டின் ஓரத்திலோ வைக்காதீர்கள். நுவரெலியாப் பக்கத்து வேலிகளில் எக்காளம்போல் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூ படத்துக்கு மிக அழகாக இருக்கும். செடி முழுவதும் கொடிய நஞ்சு என்பதால் குழந்தைகள் வரும் விழாவில் அதற்கு இடமே இல்லை.

தேயிலைக் கொழுந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "இரண்டு இலையும் ஒரு மொட்டும்" மேசைதோறும் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். பறித்த கொழுந்து உடனே நீரிழந்து துவளத் தொடங்கும். தொழிற்சாலையில் முதல் வேலையே அதைப் பரப்பிக் காற்றில் வாட்டுவதுதான். ஸ்டோர் என்று நாம் சொல்லும் அந்தத் தொழிற்சாலைக்கு வேண்டிய அந்தக் குணம் மணவறைக்குப் பொருந்தாது. மேசைக்கு முற்றிய இலைகளுள்ள தடித்த கிளையை வெட்டித் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். அது ஒரு நாளுக்கு மேலும் பளபளப்பாக நிற்கும். கவ்வாத்துக்கு முன் நீளவிட்ட செடியில் வெள்ளை இதழும் மஞ்சள் மகரந்தமுமாகத் தேயிலைப் பூவும் இருக்கக்கூடும். உதிர்ந்துவிடும் என்பதால் மணமக்கள் மேசைக்கு மட்டும் கடைசி நேரத்தில் வையுங்கள். பையில் வளர்த்த தேயிலைக் கன்றுகளை வாங்கி, சாக்குத் துணியால் சுற்றி மேசைக்கு ஒன்றாக வைப்பது இன்னும் நல்லது. விருந்தினர் வீட்டுக்குக் கொண்டுபோய் நடலாம்.

உலர்ந்த புல் என்றவுடன் வெளிநாட்டுப் பம்பாஸ் புல்லை அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். நமது மலைகளில் மானாப்புல் இருக்கிறது. கதிர் விட்ட மானாவை அடியில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தினால் பொன்னிறமாகும். பெரிய சாடியில் ஐம்பது அறுபது தண்டுகளை ஒன்றாக வைத்தால் எந்த மண்டபத்துக்கும் போதும்.

மேல்நாட்டுக் காய்கறிகளையும் மறவாதீர்கள். லீக்ஸ், கரட், பீட்ரூட், கோவா ஆகியவற்றை இலையோடு கூடையில் அடுக்கி உணவு மேசையின் பின்னால் வைத்தால், பூவுக்கு ஈடான நிறம் கிடைக்கும். மறுநாள் அவை சமையலுக்குப் போகும். பொங்கல் விழாவுக்கும் பாடசாலை விழாவுக்கும் இது மிகவும் பொருந்துகிறது.

பின்திரையும் விளக்கும்

மலையை வரைவதற்கு ஓவியர் தேவையில்லை, மூன்று துணி போதும். மலையில் நின்று பார்த்தால் அருகிலுள்ள முகடு கரும்பச்சையாகவும், அதற்குப் பின்னால் உள்ளது நீலம் கலந்த சாம்பலாகவும், கடைசி முகடு வானத்தோடு கலக்கும் வெளிறிய நிறமாகவும் தெரியும். இதே ஒழுங்கில், வெளிறிய துணியை உயரமாகப் பின்னாலும், நடுநிறத்தை அதற்கு முன்னால் சற்றுத் தாழ்வாகவும், கரும்பச்சையை மிகத் தாழ்வாக முன்னாலும் கட்டி, ஒவ்வொன்றின் மேல்விளிம்பையும் நீங்கள் படமெடுத்த மலைக்கோட்டின் வடிவில் வெட்டி மடித்துத் தையுங்கள். துணிகளுக்கிடையே ஓரடி இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் கீழிருந்து மேலே ஒளி விழும்படி மங்கிய மஞ்சள் விளக்குகளை வைத்தால், மலைகளுக்கிடையே மூட்டம் நிற்பதுபோல் தெரியும். வீட்டில் இருக்கும் பழைய சேலைகளையே பயன்படுத்தலாம். கனமான பருத்தி ஈரத்தில் தொய்யும், கலப்பு நூல் சேலைகள் தாங்கும்.

திறந்தவெளியில் பனிமூட்டம் வந்தால், கண்ணுக்கு நேராக அடிக்கும் பெரிய வெள்ளை விளக்குகள் மூட்டத்தில் பட்டுத் திரும்பி வெண்சுவராகிவிடும். இடுப்பளவு உயரத்தில் பல சிறிய மின்குமிழ்களை வரிசையாகக் கட்டுவதே சிறந்தது. மின் இணைப்புகள் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. அவற்றை மின்கசிவில் தானாகத் துண்டிக்கும் ஆளியினூடாகவே எடுக்க வேண்டும்.

கண்டிப் பக்கத்து விழாவென்றால், பின்திரைக்குத் தும்பறைப் பாய்களையும் யோசிக்கலாம். தும்பறைப் பள்ளத்தாக்கின் ஹேனவல ஊரில் நார் எடுத்து நெய்யப்படும் இந்தப் பாய்களின் கைவினைமுறை 2021 இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவற்றில் ஆணி அடிக்காமல், மேல்விளிம்பில் மூங்கில் கோத்துத் தொங்கவிட வேண்டும்.

கோலத்தைக் கூரைக்குக் கீழேயே போடுங்கள். உலர்ந்த மாவு காற்றிலும் ஈரத்திலும் நிற்காது. அரிசியை ஊறவைத்து அரைத்த மாவினால் போட்ட கோலம் காய்ந்தபின் விருந்தினர் மிதித்தாலும் ஓரளவு நிற்கும்.

கூடையும் தப்பும் மனிதர்களும்

இதில் என் அபிப்பிராயத்தை ஒளிக்க விரும்பவில்லை. கூடை சுமந்த பெண் பொம்மையை வாசலில் நிறுத்தி, அருகில் நின்று விருந்தினர் படமெடுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்த விருந்தினரில் பாதிப் பேரின் தாயோ பாட்டியோ அந்தக் கூடையைச் சுமந்தவர்கள். அவர்கள் மண்டபத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அது வேடிக்கையா பெருமையா என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும். ஒரு குடும்பம் பாட்டியின் பழைய மூங்கில் கூடையை எடுத்துத் தந்து, "இதை மேடையில் வையுங்கள்" என்று சொன்னால், அதைத் துடைத்து, பூ நிரப்பாமல் அப்படியே, பெயர் எழுதிய ஒரு சிறு அட்டையோடு மரியாதையான இடத்தில் வையுங்கள். லயத்து அறையை மாதிரியாகக் கட்டுவதும் அப்படித்தான்: மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை 2023 இல் நினைவுகூர்ந்ததைப் போன்ற நிகழ்வுகளில் அதற்குப் பொருள் உண்டு, திருமணத்தில் பெரும்பாலும் இல்லை. பழைய பொருட்களின் உண்மையான வடிவத்தைப் பார்க்க விரும்புபவர்கள், கம்பளைப் பக்கத்தில் பழைய லயமொன்றில் அமைந்திருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலைக்கு ஒருமுறை போய்வரலாம்.

தப்பு என்ற தோல் மேளத்தைச் சுவரில் மாட்டுவதைவிட, அடிப்பவர்களை அழைப்பது மேல். அழைப்பதானால் அவர்களுக்கும் சோடனைத் திட்டத்தில் இடம் ஒதுக்குங்கள். குளிரிலும் ஈரத்திலும் தப்பின் தோல் தளர்ந்துவிடுவதால், அடிக்கும் முன் நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். அதற்குக் கூரையில்லாத, காற்று மண்டபத்துக்கு எதிர்ப்புறமாகப் போகும் ஒரு மூலை வேண்டும். மிலாறு வளைவிலிருந்து அது தூரமாகவும் இருக்க வேண்டும். கூலியை மற்றக் கலைஞருக்குப் பேசுவதுபோல் முன்கூட்டியே பேசி, சாப்பாட்டையும் பந்தியில் உட்கார வைத்தே கொடுக்கச் சொல்லுங்கள்.

மலையகத்தின் வழிபாட்டுக் கூத்தான காமன் கூத்துக்காக நடும் கம்பத்தையும் கரகத்தையும் மேடை அலங்காரமாகப் போலி செய்யாதீர்கள். அவை நேர்த்திக்கடனோடும் விரதத்தோடும் தொடர்புடையவை. கூத்தின் முடி, உடை ஆகியவற்றின் நிறங்களை மட்டும் துணிகளில் எடுத்தாளலாம்.

விழா நாளும் கலைக்கும் நாளும்

முதல் நாள் மாலைக்குள் சட்டகம், பின்திரை, மின்கம்பி ஆகிய மூன்றும் முடிந்திருக்க வேண்டும். விழா நாள் காலை ஆறு மணிக்குப் பன்னமும் தேயிலைக் கிளையும், எட்டு மணிக்குப் பின் ஹைட்ரேஞ்சியாவும், விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் மல்லிகையும் தேயிலைப் பூவும் என்று ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து வரும் தென்னங்குருத்தும் மாவிலையும் நனைந்த சாக்கில் சுற்றப்பட்டு முதல் நாளே வந்துவிட வேண்டும். அவிசாவளை வீதியில் ஒரு லொறி கவிழ்ந்தாலே அரை நாள் போய்விடும். பூவிலும் இலையிலும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள், வளைவுப் பாதையில் அந்த அளவு நசுங்கியே வரும்.

விலை பேசும்போதே கலைக்கும் கூலியையும் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான புதியவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் காலையில் முதலில் கட்டுக்கம்பிகளைக் கழற்றி எண்ணி எடுக்க வேண்டும், ஏனெனில் புல்லில் விழுந்த கம்பி மாட்டின் வயிற்றுக்குப் போகும். மிலாறை வெட்டாமல் கட்டாக்கி, வாங்கிய வீட்டின் விறகு மூலையில் கொண்டுபோய் அடுக்குங்கள். காய்கறியும் கூடையும் சமையற்கட்டுக்கு, பூவும் இலையும் உரக்குழிக்கு, துணிகள் வெயிலில் நன்றாகக் காய்ந்த பின் பெட்டிக்கு. ஈரத்தோடு மடித்த துணியில் மூன்று நாளில் கரும்புள்ளி விழும். இரவல் வாங்கிய பாட்டியின் கூடையை வேறொருவர் கையில் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, மீதிப் பணத்தையும் அப்போதே பெற்றுக்கொள்ளுங்கள்.